திரும்பி வந்த அருளானந்தர்

தமிழகத்தின் பல ஆலயங்களில் புனித அருளானந்தரின் சுரூபத்தை நாம் காண்கிறோம். காவியுடை தரித்த துறவியாக, அமைதி ததும்பும் முகத்தோடு அவர் நிற்கிறார். பிப்ரவரி 4-ஆம் நாள் வந்தால் ஓரியூருக்குப் பயணம் போகிறோம். செம்மண்ணை எடுத்துப் பத்திரமாக முடிந்து வருகிறோம். வீரர், வேதசாட்சி என்று அவரைப் புகழ்ந்து பாடுகிறோம். ஆயினும் அந்த வீரம் எத்தகையது என்று நின்று எண்ணிப் பார்க்கிறோமா? நம் பங்கு விழாக் கொண்டாடும் இந்த நல்ல வேளையில், விசுவாசத்தை உயிராக மதித்த அந்த மாமனிதரின் வாழ்க்கையைச் சற்று ஆழ்ந்து நோக்குவது நமக்கு நன்மை பயக்கும் என்பதில் ஐயமில்லை.

புனிதர்கள் என்றால் பிறவியிலேயே அச்சம் அற்றவர்கள் என்றும், வலியும் ஆசையும் பாசமும் அவர்களைத் தீண்டுவதில்லை என்றும் நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அப்படி நினைப்பது நமக்கு வசதியாகவும் இருக்கிறது. அவர்கள் வேறு, நாம் வேறு என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளலாம் அல்லவா? ஆனால் அருளானந்தரின் வரலாறு அந்த வசதியை நமக்குத் தருவதில்லை.

அரண்மனைச் சிறுவன்

அருளானந்தரின் இயற்பெயர் ஜான் தெ பிரிட்டோ. போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில் 1647-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் உயர்குடி ஒன்றில் பிறந்தார். தந்தை பிரேசில் நாட்டில் இரியோ தெ ஜனேரோவின் ஆளுநராக அனுப்பப்பட்டு, அங்கேயே உயிர் நீத்தார். அப்போது ஜான் சிறு குழந்தை. கைம்பெண்ணான தாயின் அரவணைப்பில் வளர்ந்த அவர், அரச குமாரனாகிய பேதுருவின் தோழனாக அரண்மனையில் சேர்க்கப்பட்டார். பட்டும் பொன்னும், விருந்தும் விளையாட்டும் நிறைந்த சூழலில் அவரது இளமை கழிந்தது.

அவர் திடகாத்திரமான உடலோடு பிறந்தவர் அல்லர். சிறு வயதிலேயே கொடிய நோய் ஒன்று அவரை வாட்டியது. மருத்துவர்கள் கைவிட்ட நிலையில், தாய் புனித சவேரியாரை நோக்கி மன்றாடினார். பிள்ளை பிழைத்தால் ஓராண்டு காலம் சேசு சபைத் துறவியரின் அங்கியை அவனுக்கு அணிவிப்பதாக நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். அரண்மனையில் பட்டாடைச் சிறுவர்கள் நடுவே கறுப்பு அங்கி அணிந்த சிறுவனாக ஓராண்டு உலவினான். தாய் போட்ட அந்த அங்கியை மகன் வாழ்நாள் முழுவதற்குமாக எடுத்துக்கொள்வான் என்று தாயே எதிர்பார்த்திருக்க மாட்டார். 1662 டிசம்பரில், பதினைந்து வயதில், ஜான் சேசு சபையின் நவதுறவியர் இல்லத்தில் சேர்ந்தார்.

படிப்பில் சிறந்து விளங்கிய அவர் போர்த்துக்கல்லிலேயே பேராசிரியராகப் புகழ் பெற்றிருக்கலாம். ஆனால் அவர் மனம் சவேரியாரின் வழியில் இந்தியாவை நாடியது. தாய் கண்ணீர் விட்டார். செல்வாக்கு உள்ளவர்களை நாடிப் பயணத்தைத் தடுக்கவும் முயன்றார். கணவனைக் கடலுக்கு அப்பால் இழந்த ஒருத்தி, மகனையும் கடலுக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. அந்தத் தாயை நாம் குறை கூற முடியுமா? நம் வீட்டுப் பிள்ளை துறவறம் போகிறேன் என்றால் நாமும் அப்படித்தானே அழுகிறோம்! தாயின் கண்ணீர் மகனை வருத்தியிருக்கும். ஆயினும் அவர் 1673-ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்று, அதே ஆண்டில் கப்பல் ஏறிக் கோவாவை அடைந்தார்.

பண்டாரசுவாமி

1674-ஆம் ஆண்டு அவர் மதுரை மிஷனில் காலடி வைத்தார். புகழ்பெற்ற தத்துவ போதகராகிய இராபர்ட் தெ நொபிலி 1606-ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்து தொடங்கிய பணி அது. தத்துவ போதகர் மேல்சாதி மக்களிடையே உழைக்கும் பொருட்டுப் பிராமண சந்நியாசியைப் போல வாழ்ந்தார். அவ்வாறு வாழ்பவர் தாழ்த்தப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழக அந்நாளைய சமூகக் கட்டுப்பாடு இடந்தரவில்லை. ஆகவே 1640-ஆம் ஆண்டளவிலிருந்து சில குருக்கள் பண்டாரசுவாமிகளாக வாழத் தொடங்கினர். பண்டாரம் எல்லாச் சாதியாரிடமும் செல்லலாம், எல்லாச் சாதியாரும் பண்டாரத்தை அணுகலாம். நம் புனிதர் தேர்ந்துகொண்டது இந்த வழியே.

அரண்மனையில் வளர்ந்த பிரிட்டோ, அருளானந்தர் ஆனார். காவி உடுத்தார். புலாலும் மதுவும் நீக்கிச் சோறும் கீரையும் உண்டார். மண் தரையில் படுத்தார். செஞ்சிப் பகுதியிலும் தஞ்சைத் தரணியிலும் கால்நடையாகவே சுற்றினார். தமிழைக் கற்றுத் தமிழிலேயே போதித்தார். வெயிலும் வெள்ளமும் காய்ச்சலும் அவருக்கு உற்ற துணைகளாயின. நாயக்கர்களும் மராத்தியரும் மைசூராரும் மோதிக்கொண்டிருந்த காலம் அது. இன்று ஒரு படை, நாளை ஒரு படை என்று ஊர்கள் சூறையாடப்பட்டன. அந்தக் குழப்பத்தின் நடுவே சிதறிப்போன விசுவாசிகளைத் தேடித் தேடிச் சென்று தேவதிரவிய அனுமானங்களை வழங்கினார்.

வாளுக்குத் தலை நீட்டிய அந்த ஒரு நிமிடத்தையே நாம் வீரம் என்று போற்றுகிறோம். ஆனால் அதற்கு முன் பல்லாண்டுகள் தினம் தினம் அதே சோறு, அதே மண் தரை, அதே நடை, பிறர் மொழியில் தடுமாறித் தடுமாறிப் பேசும் சிரமம் ஆகியவற்றை முகம் சுளிக்காமல் ஏற்றாரே, அதுவும் வீரம் அன்றோ? பார்த்துப் புகழ யாரும் இல்லாத இடத்தில் செய்யப்படுவதால், அது அரிதினும் அரிது என்றே சொல்லவேண்டும்.

முதற் சோதனை

1686-ஆம் ஆண்டு அருளானந்தர் மறவ நாட்டுக்குள் நுழைந்தார். இராமநாதபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அந்நாட்டை ஆண்டவர், கிழவன் சேதுபதி என்று அழைக்கப்பட்ட இரகுநாத சேதுபதி. பல ஆண்டுகளாகக் குருக்கள் நுழைய முடியாதிருந்த பகுதி அது. சில வாரங்களுக்குள் ஏராளமானோர் ஞானஸ்நானம் பெற்றனர். அதே வேகத்தில் எதிர்ப்பும் மூண்டது. ஜூலை மாதத்தில் சேதுபதியின் அதிகாரி ஒருவர் அருளானந்தரையும் அவரோடு இருந்த உபதேசியார்களையும் பிடித்துச் சங்கிலியிட்டார்.

அதன்பின் நடந்தவை கேட்போர் நெஞ்சை நடுங்க வைப்பவை. சவுக்கால் அடித்தனர். கயிற்றில் கட்டிக் குளத்து நீரில் மூச்சுத் திணறும்வரை அமிழ்த்தினர். சுட்டெரிக்கும் வெயிலில் கூரிய கற்பாறைமேல் கிடத்தி மிதித்தனர். அவருடைய கடவுளை மறுத்துச் சொல்லும்படி வற்புறுத்தினர். குருவானவர் மறுத்துச் சொல்லவில்லை. உபதேசியார்களும் அவரோடு உறுதியாக நின்றனர். அந்த உபதேசியார்களை நாம் மறந்துவிடலாகாது. சுரூபமும் திருநாளும் இல்லாத அந்த எளிய தமிழர்கள், ஐரோப்பியக் குரு ஒருவர் பட்ட அதே பாடுகளை அவர் அருகிலேயே பட்டனர். நம் மூதாதையர் விசுவாசம் பெற்றது இத்தகைய உபதேசியார்களின் வியர்வையாலும் இரத்தத்தாலுமே.

மரண தண்டனை உறுதி என்று எல்லோரும் எண்ணியிருந்தபோது, இராமநாதபுரத்துக்குக் கொண்டுவரப்பட்ட அவரைச் சேதுபதி நேரில் விசாரித்தார். அவர் போதித்த வேதத்தைப் பற்றிக் கேட்டறிந்தார். பின்பு தம் நாட்டில் இனிப் போதிக்கக் கூடாது என்று எச்சரித்து விடுதலை செய்தார். இதையும் நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் மரண ஆணை பிறப்பித்த அதே அரசர்தான் முதன்முறை அவருக்கு உயிர்ப்பிச்சை அளித்தார்.

நல்ல காரணங்கள் நிறைந்த நாள்கள்

விடுதலையான அருளானந்தரை, மிஷன் காரியங்களை எடுத்துரைக்கும் பிரதிநிதியாக மேலதிகாரிகள் ஐரோப்பாவுக்கு அனுப்பினர். 1687 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, பிரேசில் வழியாக, 1688 செப்டம்பரில் லிஸ்பன் சேர்ந்தார். சிறுவயதுத் தோழன் பேதுரு இப்போது போர்த்துக்கல்லின் அரசர். நகரமே அவரைக் காணத் திரண்டது. பதினைந்து ஆண்டுகளாகப் பிரிந்திருந்த தாய் மகனைக் கண்ணாரக் கண்டார். அங்கேயும் அவர் தமிழகத்துப் பண்டாரசுவாமியின் உணவையும் தரைப்படுக்கையையும் விட்டுவிடவில்லை.

அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய சோதனை வந்தது மறவ நாட்டுக் கற்பாறையில் அன்று, இங்கே, லிஸ்பனில்தான் என்று நாம் கருதுகிறோம். அரசர் அவரைத் தம்மிடமே இருத்திக்கொள்ள விரும்பினார். தம் மகனுக்கு ஆசிரியராக இருக்கும்படி வேண்டினார். எண்ணிப் பாருங்கள்! அங்கேயே தங்குவதற்கு எத்தனை நல்ல காரணங்கள்! தாய்க்கு வயதாகிவிட்டது. உடல் நலிந்துவிட்டது. எதிர்கால அரசனை நல்ல கிறிஸ்தவனாக வளர்ப்பது அற்பமான பணியா? அரசவையில் இருந்துகொண்டே மதுரை மிஷனுக்குப் பொருளுதவியும் ஆளுதவியும் தேடித் தரலாமே! மறவ நாட்டில் ஒருமுறை பாடுபட்டாயிற்று. இனி வேறொருவர் போகட்டுமே! இவற்றில் எதுவும் பாவமான காரணம் அன்று. எந்த ஆத்தும குருவிடம் கேட்டாலும் தங்குவதில் குற்றமில்லை என்றே சொல்லியிருப்பார்.

மனித இயல்பு இத்தகையதே. கடமையிலிருந்து விலகுகிறவன், நான் அஞ்சுகிறேன் என்று ஒருநாளும் சொல்லமாட்டான். பிள்ளைகள் இருக்கிறார்கள், குடும்பம் இருக்கிறது, காலம் சரியில்லை, இன்னும் பெரிய நன்மை செய்ய வாய்ப்பிருக்கிறது என்றெல்லாம் அடுக்குவான். அச்சம் நம்மிடம் வரும்போது பெரும்பாலும் விவேகத்தின் ஆடையை உடுத்தியே வருகிறது.

அருளானந்தர் தங்கவில்லை. 1690-ஆம் ஆண்டு மீண்டும் கப்பல் ஏறினார். இரண்டாம் முறை தாயைப் பிரிந்தார். 1673-இல் புறப்பட்ட வாலிபனுக்கு முன்னே இருப்பது என்னவென்று தெரியாது. கனவும் ஆர்வமும் அவனை இழுத்துச் சென்றன என்றுகூடச் சொல்லலாம். ஆனால் 1690-இல் புறப்பட்டவருக்கு எல்லாம் தெரியும். சவுக்கு எப்படி இருக்கும், பாறை எப்படிச் சுடும், நீரில் மூச்சு முட்டும்போது உள்ளம் எப்படிப் பதறும் என்பதை அவர் உடலே அறிந்திருந்தது. தெரியாமல் துணிவது ஒருவகை. தெரிந்த பின்னும் துணிவது வேறுவகை. இந்த இரண்டாவது துணிவை மனிதன் தன் சொந்த பலத்தால் அடைய முடியாது. அது செபத்தில் பெறப்படுவது, விசுவாசத்தின் கனி. பேதுரு அப்போஸ்தலர் ஆண்டவரை மறுதலித்து அழுத பின்னர், பரிசுத்த ஆவியைப் பெற்றுத் துணிந்ததும் இவ்வகையைச் சேர்ந்ததே.

விவேகமும் வீரமும்

திரும்பி வந்தவர் சாவைத் தேடி ஓடினாரா? இல்லை. மறவ நாட்டின் எல்லையில், காட்டுப் பகுதியில் குடிசை அமைத்துத் தங்கினார். அடிக்கடி இடம் மாறினார். இரவு வேளைகளில் மக்களைச் சந்தித்தார். தாமே பிடிபட்டால் மந்தை மேய்ப்பனை இழக்கும் என்பதை அவர் நன்கு அறிவார். உயிரை வீணே எறிவது வீரம் அன்று. கடவுள் தந்த உயிரைக் கடைசிவரை காத்து, கடவுளே கேட்கும்போது மட்டும் தயங்காமல் கொடுப்பதே கிறிஸ்தவ வீரம். அவ்வாறு மறைந்து வாழ்ந்த மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றனர்.

அந்நாளில் மறவ நாட்டு அரச வம்சத்தில் பிறந்த தடியத்தேவர் என்பவர் கடும் நோயில் வீழ்ந்தார். அருளானந்தர் அனுப்பிய உபதேசியார் அவர் அருகில் சுவிசேஷத்தை வாசித்துச் செபித்தார். நோய் நீங்கியது. தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். முதல் மனைவி ஒருத்தியைத் தவிர மற்றவர்களை விலக்கினால் அன்றி ஞானஸ்நானம் இல்லை என்று அருளானந்தர் தெளிவாகச் சொன்னார். பெரிய இடத்து மனிதர் என்பதற்காக வேதக் கட்டளையை வளைக்க அவர் உடன்படவில்லை. தடியத்தேவரும் இசைந்தார். 1693 ஜனவரி 6-ஆம் நாள், மூன்று இராஜாக்கள் திருநாளன்று, அவர் கிறிஸ்தவரானார்.

விலக்கப்பட்டவர்களில் இளையவள் சேதுபதியின் நெருங்கிய உறவுப் பெண். அவள் அரசரிடம் ஓடிச் சென்று முறையிட்டாள். பழைய பிரசங்கங்களில் அவளை ஏரோதியாளுக்கு ஒப்பிட்டுப் பேசுவது வழக்கம். பெயரால் அருளப்பரான ஒருவர் திருமணக் கட்டளையின் பொருட்டுத் தலை இழந்தார் என்பதால் ஸ்நாபக அருளப்பரின் நினைவு வருவது இயல்பே. ஆனால் நேர்மையாகப் பார்த்தால் இந்தப் பெண் ஏரோதியாள் அல்லள். அந்நாட்டு வழக்கப்படி முறையாக வாழ்க்கைப்பட்டவள், ஒரு நாளில் கணவனையும் கௌரவத்தையும் இழந்து நின்றாள். அவள் கண்ணீரும் உண்மையான கண்ணீரே. நல்லதொரு கட்டளையும் பழைய வழக்கம் ஒன்றை முறிக்கும்போது யாரோ ஒருவர் நெஞ்சில் காயம்படுகிறது. சத்தியத்தை விட்டுக்கொடுக்காத நாம், அக்காயத்தைக் கண்டு இரங்கவும் வேண்டும்.

சேதுபதியின் கோபத்துக்கு அப்பெண்ணின் முறையீடு மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. தடியத்தேவர் அரியணைக்கு உரிமை பாராட்டக்கூடிய வம்சத்தவர். அவரைச் சுற்றிப் புதிய வேதத்தைச் சேர்ந்த ஒரு கூட்டம் திரள்வது அரசருக்கு அச்சத்தை ஊட்டியது. தடையை மீறிய அந்நியக் குருவே இதற்கு மூலம் என்று கருதினார். முதன்முறை இரக்கம் காட்டியவரை இரண்டாம் முறை கொடியவராக்கியது பதவியை இழந்துவிடுவோமோ என்ற பயமே. நம்மில் யாருக்கும் இது புதிதன்று. பயம் வந்துவிட்டால் நல்லவனும் தவறு செய்யத் துணிந்துவிடுகிறான்.

ஓரியூர்

ஞானஸ்நானம் நடந்த இரண்டாம் நாளே, ஜனவரி 8-இல், அருளானந்தர் பிடிபட்டார். உடன் இருந்தவர்களும் கைதாயினர். இராமநாதபுரத்தில் சிறை வைக்கப்பட்டார். தடியத்தேவர் அரசர் முன் சென்று குருவுக்காகப் பரிந்து பேசினார். நேற்றுவரை வேதம் அறியாதிருந்த அவர், இன்று அரசரின் சினத்துக்கு அஞ்சாமல் நின்றார். தலைநகரில் அருளானந்தரைக் கொன்றால் கலகம் மூளலாம் என்று எண்ணிய சேதுபதி, அவரை ஓரியூரில் இருந்த தம் சகோதரர் உடையத்தேவரிடம் அனுப்பினார். கொலை செய்யும்படி இரகசிய ஆணையும் பின்தொடர்ந்தது.

ஓரியூர்ச் சிறையில் தாளும் மையும் கிடைப்பது அரிதாயிருந்தது. கரியை நீரில் கரைத்து, அதையே மையாகக் கொண்டு, சபைத் தந்தையருக்குக் கடைசிக் கடிதங்களை எழுதினார். தாம் மகிழ்வோடு மரணத்தை எதிர்நோக்குவதாகவும், வேதத்தைப் போதித்ததே தம்மீது சுமத்தப்பட்ட குற்றம் என்றும் அவற்றில் தெரிவித்தார். அக்கடிதங்களில் பகைவர்மீது வசை இல்லை.

1693 பிப்ரவரி 4. விபூதிப் புதன். பாம்பாற்றங்கரை மேட்டுக்கு அவரை நடத்திச் சென்றனர். முழந்தாளிட்டுச் செபித்தார். பின்பு எழுந்து, தம்மை வெட்ட வந்தவனை அன்போடு நோக்கி, தாம் ஆயத்தம் என்று குறிப்புக் காட்டினார். தலை துண்டிக்கப்பட்டது. கைகளையும் கால்களையும் வெட்டி, உடலைக் கம்பத்தில் தொங்கவிட்டனர். நாற்பத்தாறு வயது நிறையவில்லை. அவர் இரத்தம் சிந்திய மண் சிவந்தது என்பது நம் மக்களின் உறுதியான நம்பிக்கை.

செய்தி லிஸ்பனை எட்டியபோது அரசர் நன்றித் திருவழிபாடு நடத்தினார். தாயும் வந்திருந்தார். துக்க உடையில் அன்று, விழா உடையில்! மகனைத் தடுக்க முயன்ற அதே தாய்தான். மகன் இருபது ஆண்டுகளில் கற்ற பாடத்தைத் தாயும் அவரோடு சேர்ந்து கற்றுவிட்டார். அந்த உடையை உடுத்திய கைகள் நடுங்கவில்லை என்று யார் சொல்ல முடியும்? நடுங்கிய கைகளாலேயே அதை உடுத்தியிருந்தால் அந்த விசுவாசம் இன்னும் பெரிது.

திருச்சபை 1853-ஆம் ஆண்டு அவரை முத்திப்பேறு பெற்றவர் என்றும், 1947 ஜூன் 22-ஆம் நாள் பன்னிரண்டாம் பத்திநாதர் ஆட்சியில் புனிதர் என்றும் அறிவித்தது.

நமக்கு என்ன?

அன்பார்ந்த பங்கு மக்களே! இன்று நம்மை வாளுக்கு முன் நிறுத்துவார் இல்லை. ஆனால் நம் விசுவாசத்துக்குச் சோதனை இல்லை என்று சொல்ல முடியுமா? அலுவலகத்தில் பொய்க் கணக்கில் கையொப்பமிடச் சொல்கிறார்கள். திருமண வேளையில் வரதட்சணை பேசச் சொல்கிறார்கள். ஏழை ஒருவனுக்கு அநீதி நடப்பதைக் கண்டும் காணாதிருக்கச் சொல்கிறார்கள். அப்போது நம் நாவில் வரும் நல்ல காரணங்களை ஒருமுறை லிஸ்பனில் நின்ற அருளானந்தர் முன் வைத்துப் பார்ப்போம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எல்லாச் சாதியாரும் தம்மை அணுகவேண்டும் என்பதற்காகவே அவர் பண்டாரசுவாமி ஆனார். அவர் வழியில் விசுவாசம் பெற்ற நாம், கோயிலிலும் தேர்த் திருவிழாவிலும் கல்லறையிலும் சாதி பார்த்துப் பிரிந்து நிற்கிறோம் என்றால், அவர் சிந்திய இரத்தத்துக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? விழா மேடையும் மின்விளக்கும் இந்தக் கேள்வியை மறைத்துவிடக் கூடாது. இதைத் தீர்க்கவும் வீரம் தேவை. உற்றார் உறவினர் முகம் கோணுவதைத் தாங்கும் வீரம் அது.

நாம் எல்லோரும் அச்சம் உள்ளவர்கள். ஒருமுறை துணிந்து அடிபட்டு ஓய்ந்துபோனவர்களும் நம்மிடையே உண்டு. இனி யாருக்காவது ஆகட்டும் என்று ஒதுங்கி நிற்கும் அவர்களுக்கே புனித அருளானந்தர் சிறப்பாகப் பாதுகாவலர் என்று சொல்லத் தோன்றுகிறது. அவர் பட்ட பாட்டை அறிந்தே திரும்பி வந்தவர். நாமும் விட்டுவந்த நற்பணிக்கு, முறிந்துபோன உறவுக்கு, மறந்துபோன செபத்துக்குத் திரும்பும் வரத்தை அவர் நமக்குப் பெற்றுத் தருவாராக. ஓரியூர் மண்ணைச் சிவக்கச் செய்த புனித அருளானந்தரே, எங்கள் பங்குக்காக வேண்டிக்கொள்ளும்.